இரண்டு மணி முப்பத்தொரு நிமிடத்தில் சுபம்

2023 ஆகஸ்ட் 15, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காவலூரில் தூறல். என் சட்டைப்பையில் இருக்கும் சின்ன வெப்பமானி இருபத்திரண்டு டிகிரி காட்டியது. அந்த நிமிடத்தில் ஜவ்வாது மலையில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் ஒருவர் தூக்கில் இறந்தார். அவர் உண்மையில் இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அன்று அவரை இரண்டாவது முறை சாகடித்தவன் நான்.

அதுவரை பதினோரு ஆண்டுகள் அவரை உயிரோடு வைத்திருந்தவர் எங்கள் கேபிள்காரர்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். அரசுப் புள்ளியியல் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தேன். போளூர் வட்டாரத்தில் கிணறு, ஆயில் என்ஜின், கறவை மாடு, கோழி எல்லாம் எண்ணியவன். ஓய்வு பெற்றதும் அடிவாரத்து வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று மலையேறி வந்து, காவலூரில் ஒரு வாடகை வீட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். இங்கே எண்ணுவதற்கு அதிகம் இல்லை. வீட்டிலிருந்து கேபிள்காரரின் அறைக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. மழை பெய்தால் நானூற்று முப்பது, குட்டையைச் சுற்றிப் போகவேண்டும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. உண்மையில் வாழ்ந்த மனிதர்களைப் பற்றிய திரைப்படங்கள். கற்பனைக் கதைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அங்கே யாரும் எதையும் சரிபார்க்க முடியாது. வரலாற்று மனிதர் என்றால் பிறந்த ஆண்டு இருக்கும், இறந்த ஆண்டு இருக்கும், இடையில் நடந்ததற்குச் சாட்சி இருக்கும். இத்தகைய படங்களுக்கென்றே ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முப்பத்தேழு படங்கள். ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்துத் தொடங்கி, ஒரு பிழைக்கு ஒன்று என்று கழிப்பேன். போர்க்களத்தில் பின்னால் நிற்கும் வீரன் கையில் கடிகாரம் கட்டியிருந்தால் ஒன்று. அரண்மனைக்குப் பின்னால் மின்கம்பி தெரிந்தால் ஒன்று. என்னிடம் முதலிடம் பெற்ற படம் அறுபத்தொரு மதிப்பெண். நான் மிகவும் விரும்பும் படம் அது. இதை என் மனைவியிடம் சொன்னபோது, நம் கல்யாணத்துக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டாள். எழுதி வைக்கவில்லை என்று சொன்னேன். அதுவும் தப்பான பதில் என்று பிறகு தெரிந்தது.

இந்த ஊரில் வானத்தைப் பார்த்து வேலை செய்பவர்கள் இரண்டு வகை. வானாய்வு மையத்தார் ஒரு வகை. கேபிள்காரர் மற்றொரு வகை. அவர் எப்போதும் தலையை அண்ணாந்துகொண்டுதான் நடப்பார். கம்பம், மரக்கிளை, வயர், வயரில் உட்கார்ந்திருக்கும் குரங்கு. கீழே இருக்கும் கல் தெரியாது. கால் கட்டைவிரலில் எப்போதும் ஒரு பழைய காயமும் ஒரு புதிய காயமும் இருக்கும். காதில் பென்சிலுக்குப் பதில் டெஸ்டர் செருகியிருப்பார். தோளில் குறுக்காகக் கறுப்பு வயர்ச் சுருள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வயதைக் கேட்டால், "இருக்குது சார், போதுமான அளவு" என்பார். புள்ளியியல்காரனுக்கு இதைவிட மோசமான பதில் கிடையாது.

படம் தெரியவில்லை என்று யார் போய்ச் சொன்னாலும் "வந்துடும்" என்பார். புயலில் மரம் விழுந்து வயர் அறுந்த அன்றும் அதே சொல். ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தது. "சொன்னேன் இல்ல" என்றார்.

அவருக்குச் சொந்தமாக ஒரு சானல் இருந்தது. தகரக்கூரை போட்ட அறையில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு அதிலிருந்து படம் அனுப்புவார். சுதந்திர தினம், குடியரசு தினம், காந்தி பிறந்தநாள், இவை தவிர மழை அதிகமாகி யாரும் கொல்லைக்கு, இங்கே வயலுக்கு அதுதான் பெயர், போக முடியாத நாட்கள். அந்த நாட்களில் அவர் போடுவது எல்லாமே உண்மையில் வாழ்ந்தவர்களின் படங்கள்தான். ஆட்டம் பாட்டம் படம் மற்ற சானலில் கிடைக்கும், பெரிய மனுஷங்களை யார் கூட்டி வருவார்கள் என்று கேட்பார். கூட்டி வருவது என்பது அவருடைய சொல். மலைக்கு வந்த புதிதில் இதைக் கேள்விப்பட்டு, எனக்கென்றே இவரை யாரோ செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த நினைப்பு இரண்டு மணி முப்பத்தொரு நிமிடம் நீடித்தது.

முதல் முறை பார்த்தது ஒரு பாளையக்காரரைப் பற்றிய படம். வெள்ளைக்காரர்கள் தூக்கில் போட்டார்களே, அவர்களில் ஒருவர். கோட்டை விழுந்த பிறகு அவர் குதிரையில் ஏறிக் காட்டுப் பாதையில் போவார். திரை அப்படியே நின்றது. குதிரையின் முன்கால்கள் தரையில் இல்லை. அதன்மேல் மஞ்சள் எழுத்தில் 'சுபம்' என்று வந்தது. பிறகு போளூர் நகைக்கடை விளம்பரம்.

மின்தடை என்றுதான் நினைத்தேன். ஆனால் நகைக்கடை ஓடுகிறதே. நானூற்றுப் பன்னிரண்டு காலடி நடந்து போய்க் கேட்டேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு பட்டியல் எழுதியிருந்தது. மீசைக்காரர் 2.31. கப்பல்காரர் 2.04. கணக்குக்காரர் 1.48. தாத்தா 2.52. பாளையக்காரரை அவர் மீசைக்காரர் என்றுதான் சொல்வார். கப்பல் கம்பெனி நடத்தியவர் கப்பல்காரர். அந்தப் படம் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புவதோடு அவர் அறையில் முடிந்துவிடும். ஜெயில் இல்லை, செக்கு இல்லை. கணித மேதை வெளிநாட்டிலிருந்து உடம்பு சரியில்லாமல் கப்பலேறி ஊர் திரும்புவார். கரையில் கால் வைத்ததும் சுபம். "வூட்டுக்கு வந்துட்டாரு இல்ல சார். இனிமே ரசம் சோறு சாப்டா சரியாயிடும்" என்று என்னிடம் விளக்கினார். தாத்தா என்பவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் மாலைப் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நடந்து வந்துகொண்டே இருப்பார். அதோடு சரி.

குறித்த நேரம் நெருங்கினால் கேபிள்காரர் கைவேலையைப் போட்டுவிட்டு வந்து, பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்வார். எந்தப் படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. அதற்குமேல் இருக்கும் நிமிடங்களை நான் கூட்டிப் பார்த்தேன். அவருடைய பட்டியலில் இருந்த படங்களில் மட்டும் வருடத்துக்கு மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட வரலாற்றை இந்த ஒரு மனிதர் விழுங்கியிருந்தார்.

ஏன் இப்படி என்று கேட்டேன். நான் கேட்டது விசாரணை அதிகாரி தோரணையில் இருந்திருக்கவேண்டும். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாசம் நூத்தம்பது ரூபா வாங்கிக்கினு, ஒரு வூட்டுக்குள்ள பொணத்த அனுப்பறதா சார்?"

பதினோரு ஆண்டுகளில் நான் அவருக்குப் பதின்மூன்று கடிதங்கள் எழுதினேன். எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன். வரலாற்றைத் திரிப்பது, பார்வையாளர் உரிமை, முழுப் படத்துக்குச் சந்தா கட்டியவனுக்கு முக்கால் படம் அனுப்புவது எல்லாம் அவற்றில் வரும். கடிதத்தை அவர் நின்றுகொண்டு படிப்பார். படித்துவிட்டு, கையெழுத்து அழகாக இருக்கிறது என்பார். பிறகு மடித்து, கம்ப்யூட்டர் ஆடாமல் இருக்க அதன் காலுக்குக் கீழே வைப்பார். பதின்மூன்று கடிதத்தில் மேசை சமமாகிவிட்டது.

ஒருமுறை அவருடைய சந்தாதாரர் நோட்டை வாங்கிப் புரட்டினேன். எண்ணுகிற பழக்கம்தான். நூற்றுப் பன்னிரண்டு பெயர்களில் ஆறு பேர் இறந்தவர்கள். இரண்டு பேருடைய சாவுக்கு நானே போயிருக்கிறேன். என் வேலையில் இறந்தவர் பெயர் ஒன்று பட்டியலில் தங்கிவிட்டால் விளக்கம் கேட்டு ஓலை வரும். இதைச் சுட்டிக்காட்டினேன். மகன் பேருக்கு மாற்றலாமே என்றேன்.

"பேர எதுக்கு சார் அடிக்கணும்? வயரு அதே வயருதான்" என்றார்.

என் மனைவி முழுக்க அவர் பக்கம். சுபம் வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு நிம்மதியாகப் போய் உலை வைப்பாள். அவர் வீட்டுக்கு வந்தால் அவருக்கு மட்டும் காபியில் சர்க்கரை கூடுதல். "அம்மா, அடுத்த வாரம் கப்பல்காரர கூட்டிக்கினு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஏதோ உறவுக்காரர் வருவதைப்போல இவளும் தலையாட்டுவாள்.

நான் ஜெயித்தது பதினான்காவது கடிதத்தில். அது ஒரு தேர்வுத்தாளால் வந்த வெற்றி.

காவலூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, புளியமரங்களுக்கு மேலே, மேல்கொல்லை என்று ஒரு சிற்றூர். நாற்பத்தொரு வீடு. சாமையும் புளியும் அவர்கள் பிழைப்பு. அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் என்னிடம் பேச்சுவாக்கில் சொன்னார்: ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அந்தப் பாளையக்காரரின் முடிவு என்ன என்ற கேள்விக்கு, 'குதிரையில் ஏறிப் போனார். இன்னும் வரவில்லை' என்று எழுதியிருக்கிறாள்.

நான் அன்று நானூற்றுப் பன்னிரண்டு காலடியை முந்நூற்று எழுபதில் கடந்தேன். கடிதத்தை நீட்டினேன். கேபிள்காரர் அதில் நான் எழுதியிருந்த அந்தப் பதிலை இரண்டு முறை படித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கரெக்டாதானே எழுதிகீது."

"ரெண்டு மார்க் போச்சு" என்றேன்.

சிரிப்பு நின்றது. ரெண்டு மார்க்கா என்று கேட்டார். ஆமாம், முழுசாக ரெண்டு என்றேன். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இரண்டு மதிப்பெண் போவதால் உலகம் புரண்டுவிடாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை ஏதோ கை கால் போனதைப்போலச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த 2.31 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றார்.

"சரி சார். இந்த பதினஞ்சாம் தேதி நான் நிறுத்தல. ஆனா நான் பாக்க மாட்டேன்."

எனக்கு அவர்மேல் நம்பிக்கை இல்லை. அன்று ஒரு மணிக்குப் படம் தொடங்கியபோதே போய் அவர் அறையில் உட்கார்ந்துகொண்டேன். விசைப்பலகையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். மூன்று மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு அவர் எழுந்தார். வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு தூறலில் வெளியே போனார். பழுது பார்க்க எங்கேயும் வயர் அறுந்திருக்கவில்லை. வெளியே கம்பத்துக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

குதிரை தரையைத் தொட்டது. பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மேலே நடந்தது. பிடித்தார்கள், விசாரித்தார்கள், புளியமரத்துக்குக் கொண்டுபோனார்கள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியபோது என் மனைவி தொலைக்காட்சிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. கயிறு நைலான் கயிறு, அந்தக் காலத்தில் ஏது நைலான், நாற்பத்தெட்டாவது பிழை என்றேன்.

"ஒரு மனுஷன் சாவறான். நீங்க கயித்த பாக்கறீங்க" என்றாள். அன்று இரவு உணவு பழைய சோறு.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பாராட்டு ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்கக் கேபிள் அறைக்குப் போனேன். மேல்கொல்லைப் பெரியவரும் இன்னும் நான்கு பேரும் ஜீப்பில் வந்து இறங்கி, அறைக்குள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு முறை உண்டு. சாவு விழுந்தால் மறுநாள் யாரும் கொல்லைக்குப் போவதில்லை. மூன்றாம் நாள் சாவு வீட்டுக்காரர் ஊருக்குச் சாமைச் சோறு போடவேண்டும். அதைச் சாப்பிட்டுக் கை கழுவினால்தான் களைக்கொத்தை எடுக்கலாம். அது களையெடுப்பு நேரம். ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மீசக்காரரு நேத்து எங்க வூட்ல செத்துட்டாரு" என்றார் பெரியவர். கோபமே இல்லாமல் சொன்னார். "நாப்பத்தோரு வூட்லயும் செத்துட்டாரு. யாரு சோறு போடறது?"

நான் குறுக்கே புகுந்தேன். அவர் ஏற்கெனவே இறந்தவர் என்பதையும், எந்த நூற்றாண்டு என்பதையும், ஆதாரம் எங்கே இருக்கிறது என்பதையும் சொன்னேன். பெரியவர் முடிக்கும்வரை கேட்டார்.

"தெரியாதா சார்? நாங்களும் பள்ளிக்கூடத்துல படிச்சிட்டுதான் வந்தோம். அவரு செத்தது வேற. எங்க வூட்டுக்குள்ள செத்தது வேற. பதினோரு வருசமா வந்து போய்க்கினு இருந்த மனுஷன்."

பிறகு அவர் கேபிள்காரர் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். சந்தவாசலிலிருந்து டிஷ் விற்கிற ஆள் ஒருவன் போன மாதமே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். ஊரில் பாதிப் பேர் வயரை அறுத்துவிட்டு அதற்குப் போய்விடலாம் என்கிறார்கள். இந்த வயர் இனிமேல் எதை வீட்டுக்குள் கொண்டுவரும் என்று தெரியவில்லையாம்.

நான் மனத்தில் கழித்துப் பார்த்தேன். நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்று போனால் எழுபத்தொன்று. ஆறு கிலோமீட்டர் வயர் சும்மா தொங்கும். எழுபத்தொரு வீட்டை வைத்துக்கொண்டு அந்தத் தகரக்கூரைக்கு வாடகை கட்ட முடியாது. அவருக்கு வேறு தொழில் தெரியாது. அண்ணாந்து பார்க்கத்தான் தெரியும்.

கேபிள்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. என் பெயரையும் சொல்லவில்லை. "தப்பு என்னுதுதான் மாமா. நான் நிறுத்தி இருக்கணும். சோறு நான் போடறேன்" என்றார்.

இப்போது வாயைத் திறக்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன். பத்துக்குள் பேசிவிடுவது என்று திட்டம். பத்து வந்தது. இருபதுவரை நீட்டித்தேன். பதினேழில் என் குரல் எனக்கே கேட்டது.

"அவர் நிறுத்தத்தான் இருந்தார். நான்தான் விடல."

பெரியவர் தலையாட்டினார்.

"தெரியும் சார். அவரு கை சாவடிக்கற கை இல்ல. நீங்களா சொல்றீங்களான்னு பாக்கதான் இம்மா நேரம் உக்காந்துகீறோம்."

ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, மேல்கொல்லையில் என் செலவில் ஊர்ச்சோறு. சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு. நூற்று எண்பத்து மூன்று பேர் சாப்பிட்டார்கள். என் மனைவி பந்திக்குப் பந்தி நடந்து, தன் வீட்டு விசேஷத்தைப்போல எல்லாரையும் கவனித்துக்கொண்டாள். சாவுக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். எப்படி இருந்தார், கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று ஒரு கிழவி கேட்டாள். என்ன சொல்வது? என் குறிப்பில் கயிறு மட்டும்தான் இருந்தது. தைரியமாக இருந்தார் என்றேன். முப்பத்தேழு படம் பார்த்து ஒரு மனிதரைப் பற்றி நான் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

தேர்வில் மார்க் போன அந்தப் பெண்ணும் பந்தியில் இருந்தாள். இப்போது சரியான பதில் தெரியும் இல்லையா என்று கேட்டேன். தெரியும் என்றாள். ஆனால் பழைய பதில்தான் நன்றாக இருந்தது என்றாள்.

நான் வாங்கிவந்த மாலையைப் பெரியவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போட்டிருந்தார்கள். கேபிள்காரர் கடைசியாக வந்தார். பெட்டியைப் பார்த்தார். நேரே போய் மாலையைக் கழற்றினார்.

"டீவிக்கு மாலை போட்டா நாளைக்கி எவன் பாப்பான்? வண்டிக்கு ஆவும்" என்றார்.

பெரியவர் சிரித்தார். வயரை அறுக்கும் பேச்சு அதோடு முடிந்தது. அடுத்த குடியரசு தினத்தன்று மீசைக்காரர் மறுபடியும் வந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். படம் தொடங்கிச் சரியாக 2.31, சுபம். என் மனைவி உலை வைக்கப் போனாள். நான் கடிதம் எழுதவில்லை.

அதற்கடுத்த மழைக்காலத்தில், காற்றடித்த ஒரு நாளில், கேபிள்காரருக்கு என்ன நடந்தது என்பது இந்த மலையில் எல்லாருக்கும் தெரியும். தேதி, நேரம், எத்தனையாவது கம்பம், அன்று வெப்பமானி எவ்வளவு காட்டியது எல்லாம் என் நோட்டில் இருக்கிறது. முழுக்க எழுதியே ஆகவேண்டும் என்று பதினான்கு கடிதம் போட்டவன் நான். அவருடைய பெயர் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அடிக்கவில்லை.

ஆகவே மறுபடியும் அந்த ஆகஸ்ட் 17, பிற்பகல் இரண்டு மணி ஐம்பது நிமிடம். தூறல் விட்டிருந்தது. அவர் தோளில் வயர்ச் சுருளோடு பழைய மொபெட்டில் ஏறினார். மாலை கைப்பிடியில் தொங்கியது. வழக்கம்போல் பாதையைப் பார்க்காமல் வயரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். புளியமரத்து வேரில் முன்சக்கரம் ஏறி ஒரு கணம் தரையைவிட்டு எழும்பியது. இங்கே நிறுத்துகிறேன்.

சாமை, மொச்சை, எண்ணெய், இலை, ஜீப் வாடகை, மாலை உட்பட மொத்தச் செலவு ஐந்தாயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.